பதிவு எங்கே முட்டுகிறது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"போஸ்டர்ல என்ன போட்டிருக்குன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று பார்வையற்ற ஒருவரிடமிருந்து பின்னூட்டம் வரும். இன்னொரு நாள் "சப்டைட்டில் இல்லையா?" என்று செவித்திறன் குறைந்தவர்கள் கேட்பார்கள். சமூக ஊடகப் பக்கத்தை நடத்துபவர் உடனே செயலியின் செட்டிங்ஸைக் கிண்டத் தொடங்குவார். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. எழுத்தைத் தட்டிய விசைப்பலகையிலோ, போஸ்டர் வடிவமைத்த கணினியிலோ, வீடியோவை வெட்டிய இடத்திலோதான் அது புகுந்திருக்கும். அதனால் இந்த வழிமுறையைச் செயலி வாரியாகப் பிரிக்காமல், வருகிற புகாரை வைத்தே பிரித்திருக்கிறோம்.

முதலில் கோளாறை நீங்களே கேளுங்கள்

பார்வையற்றவர்கள் போனைத் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள், வழியே கையாள்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அது டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குப் போய் டாக்பேக்கை இயக்குங்கள். அதற்கு முன்பே அதன் ஷார்ட்கட்டை ஆன் செய்துவிடுவது நல்லது. இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் டாக்பேக் அணைந்துவிடும். இதைச் செய்யாமல் இறங்குபவர்கள் "போன் லாக் ஆகிவிட்டது" என்று பதறுவது வழக்கம். ஒரு தட்டுக்கு அந்த இடத்தை வாசிக்கும், இரண்டு தட்டுக்குத்தான் திறக்கும். ஒரு விரலை வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த உருப்படிக்குப் போகும். இவ்வளவு தெரிந்தால் சோதனைக்குப் போதும்.

டாக்பேக் கைவராதவர்களுக்கு இரண்டு எளிய சோதனைகள் இருக்கின்றன. பதிவில் உள்ள எழுத்தை அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, வாட்ஸ்அப் உரையாடல் ஒன்றில் ஒட்டுங்கள். அங்கே என்ன தெரிகிறதோ அதைத்தான் திரைவாசிப்பான் படிக்கும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அதற்குப் படிக்க ஒன்றுமில்லை என்று பொருள். வீடியோவாக இருந்தால் ஒருமுறை சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். இன்னொருமுறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.

"'படம்' என்று மட்டும் சொல்கிறது"

படத்துக்கு மாற்று உரை, அதாவது திரைவாசிப்பான் படிப்பதற்காகப் படத்தோடு இணைக்கும் எழுத்து விவரம், எழுதப்படவில்லை. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் தாமாக ஒரு விவரத்தை ஒட்டும். "எழுத்துகள், இரண்டு பேர் உள்ள படமாக இருக்கலாம்" என்ற அளவுக்குத்தான் அது இருக்கும். போஸ்டரில் இருக்கும் தேதியும் இடமும் அதில் பெரும்பாலும் வராது.

எழுதும் இடங்கள்: எக்ஸ் தளத்தில் படத்தைச் சேர்த்ததும் அதன் ஓரத்தில் 'ஆல்ட்' என்ற பொத்தான் வரும். 1,000 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. பதிவிட்ட பிறகு அதைத் திருத்துவது கடினம், நீக்கிவிட்டு மறுபடி போடுவதே எளிது. இன்ஸ்டாகிராமில் பகிரும் கடைசித் திரையில், கீழே உள்ள கூடுதல் அமைப்புகளுக்குள் இருக்கிறது. பிறகும் 'எடிட்' வழியே திருத்தலாம். ஃபேஸ்புக்கில் படத்தைத் திறந்து மூன்று புள்ளியைத் தட்டினால் மாற்று உரையைத் திருத்தும் வழி வரும். மாஸ்டடான் சமூக வலைதளத்தில் 1,500 எழுத்துக்குறிகள். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு பெட்டியே இல்லை. அங்கே படத்தின் கீழே எழுதும் கேப்ஷன்தான் மாற்று உரை.

இனி, என்ன எழுதுவது? தமிழ்ப் பக்கங்களில் வரும் படங்களில் பெரும்பகுதி புகைப்படமே அல்ல. அவை அறிவிப்புகள்: முகாம், கூட்டம், விண்ணப்பம், இரங்கல், அழைப்பிதழ். அவற்றில் இருக்கும் எழுத்தைப் பதிவின் உடலிலேயே தட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் பார்வையற்றவருக்கு மட்டுமல்ல, தேடுபவருக்கும், காப்பி செய்து இன்னொரு குழுவில் போடுபவருக்கும் அது கிடைக்கும். ஓர் அடையாள அட்டை முகாம் போஸ்டரை எடுத்துக்கொள்வோம். பதிவில் இப்படி வரவேண்டும்:

"மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டை சிறப்பு முகாம். டிசம்பர் 3, காலை 10 மணி முதல் 2 மணி வரை. இடம்: நகராட்சி மேல்நிலைப் பள்ளி, தரைத்தளம், சாய்தளம் உண்டு. கொண்டுவர வேண்டியவை: ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் 2."

இதன் பிறகு மாற்று உரையில் "முகாம் அறிவிப்பு போஸ்டர். முழு விவரமும் பதிவில் உள்ளது" என்று எழுதினால் போதும். ஒரே விவரத்தை இரண்டு இடத்திலும் கொட்டினால் கேட்பவர் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும்.

புகைப்படம் என்றால் யார், என்ன செய்கிறார்கள், எங்கே, இந்தப் பதிவில் அது ஏன் இருக்கிறது என்பதை ஓரிரண்டு வரியில் சொல்லுங்கள். "படத்தில் காணப்படுவது" என்று தொடங்க வேண்டாம், படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். "அழகான தருணம்" என்று எழுதுவது விவரமே அல்ல. "சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் தாழ்தளப் பேருந்தில் ஏறுகிறார், நடத்துநர் சாய்பலகையைப் பிடித்திருக்கிறார்" என்பது விவரம். சிலர் அந்தப் பெட்டியில் ஹேஷ்டேகுகளைத் திணிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

"எழுத்து இருக்கிறது, ஆனால் உளறுகிறது"

தமிழில் இந்தப் புகாருக்குக் காரணங்கள் பல. ஒட்டிப்பார்க்கும் சோதனையில் என்ன வந்தது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து வந்தால், மூலம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைபவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். ஒருங்குறியை, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையை, தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010-ல் ஆணையிட்ட பிறகும், அச்சகங்களிலிருந்தும் பழைய கோப்புகளிலிருந்தும் இது வந்துகொண்டேதான் இருக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் எழுத்துருவின் பெயரைத் தேர்ந்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பெயரைத் தவறாகத் தேர்ந்தால் முக்கால்வாசி சரியாகவும் கால்வாசி தப்பாகவும் வரும், மாற்றியபின் ஒருமுறை படித்துப்பாருங்கள்.

ஒட்டியதும் சரியான தமிழாகவே தெரிகிறது, ஆனாலும் சில சொற்கள் மட்டும் தடுக்குகின்றன என்றால் விஷயம் நுட்பமானது. இந்த இரண்டு சொற்களையும் பாருங்கள்: அவா்கள், அவர்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. முதலாவதில் 'ர்' இல்லை. துணைக்காலை இட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருக்கிறார்கள். தட்டச்சுப்பொறியில் இருந்த பழக்கம் இது, அதே விசை அமைப்பைப் பின்பற்றும் கணினி விசைப்பலகைகளிலும் தொடர்கிறது. திரைவாசிப்பான் "அவா" என்று இழுத்து நின்றுவிட்டுக் "கள்" என்று சொல்லும், அல்லது புள்ளியைத் தனியே சொல்லும். எது நடக்கும் என்பது பேச்சுக்குரலைப் பொறுத்தது. தேடலிலும் அந்தச் சொல் சிக்காது. 'ரி'யும் இப்படியே 'ாி' ஆகும்: மாாியம்மன்.

இதற்கு ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போதும். 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும் மாற்றுங்கள். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ முறையான தமிழில் வரவே வராது. அதனால் மொத்தமாக மாற்றினாலும் நல்ல சொல் எதுவும் கெடாது.

'கௌரவம்' என்பதைக் 'கெளரவம்' என்று தட்டுவதும் இதே இனம். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து கண்ணை ஏமாற்றும். காதுக்குக் "கெளரவம்" என்று அப்பட்டமாகக் கேட்கும். 'ஔவை'யை 'ஒளவை' என்று எழுதினால் "ஒளவை". ஆனால் இதை மொத்தமாக மாற்றக்கூடாது. 'ஒளி', 'கெளுத்தி' போன்ற சொற்களும் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

தடித்த, சாய்ந்த, சுருண்ட ஆங்கில எழுத்துகளைத் தரும் "ஸ்டைலிஷ் ஃபான்ட்" தளங்களிலிருந்து எடுத்துப் பெயரை எழுதியிருந்தால், அவை எழுத்துருவே அல்ல. ஒருங்குறியில் கணிதத்துக்காக ஒதுக்கிய குறிகள். திரைவாசிப்பான் ஒவ்வொன்றையும் "கணிதத் தடிமன் பெரிய எழுத்து" என்று எண்ணிக்கொண்டிருக்கும், அல்லது முழுதாகத் தாண்டிவிடும். அமைப்பின் பெயரே காணாமல்போகும். சாதாரண எழுத்தில் தட்டுங்கள், வேறு தீர்வு கிடையாது.

தங்கிலீஷ் கடைசி. "நாளைக்கு மீட்டிங் இருக்கு" என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆங்கிலக் குரல் அதை ஆங்கிலமாகவே உச்சரிக்கும். நண்பர்களுக்குள் சரி, அறிவிப்புக்கு ஆகாது. தமிழ் எழுத்தில் 'மீட்டிங்' என்று எழுதினால் எந்தத் தமிழ்க் குரலும் ஒழுங்காகச் சொல்லும்.

"பாதியிலேயே விட்டுவிட்டேன், கேட்கச் சலிப்பாக இருக்கிறது"

வரிக்கு வரி எமோஜி இருக்கும். பத்துக் கைதட்டல் போட்டால் "கைதட்டும் கைகள்" என்பது பத்து முறை வரலாம். தோல் நிறம் மாற்றிய எமோஜி என்றால் நிறமும் சேரும். பதிவுக்கு இரண்டு மூன்று, அதுவும் வாக்கியத்தின் முடிவில் போதும். சொல்லுக்குப் பதிலாக எமோஜி, பட்டியல் புள்ளிக்குப் பதிலாக எமோஜி என்பதை விடுங்கள். நட்சத்திரக் கோடு, சமக்குறிக் கோடு போட்டுப் பத்தி பிரிப்பதற்கும் இதே விதி. ஒரு வெற்று வரியே போதும்.

ஆங்கில ஹேஷ்டேகில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் திரைவாசிப்பான் சொற்களைப் பிரித்துப் படிக்கும். தமிழில் பெரிய எழுத்து இல்லை என்பதால் அடிக்கோடுதான் வழி: #மாற்றுத்திறனாளிகள்_தினம். ஹேஷ்டேகுகளைப் பதிவின் நடுவில் விதைக்காமல் கடைசியில் சேர்த்து வையுங்கள்.

எண்களில் கவனம். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இடைவெளியின்றி எழுதினால் சில குரல்கள் அதைக் கோடிக்கணக்காக வாசிக்கும், ஐந்தைந்தாகப் பிரித்து எழுதுங்கள். 03.12 என்பதைவிட "டிசம்பர் 3" தெளிவு.

"பிடிஎஃப் திறந்தால் வெற்றுப் பக்கம் என்கிறது"

சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து அனுப்பியிருப்பார்கள். அது படம், எழுத்து அல்ல. கூகுள் டிரைவில் ஏற்றி, 'ஓபன் வித்' வழியே கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தை அடையாளம் கண்டு தரும். முத்திரைக்கும் கையெழுத்துக்கும் அருகில் உள்ள வரிகள் அடிக்கடி சிதையும். தேதி, தொகை, எண் ஆகிய மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடாமல் வெளியிடக்கூடாது.

எழுத்தாகவே உள்ள பிடிஎஃபிலும் ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. காப்பி செய்து ஒட்டினால் 'கொடை' என்பது 'ெகாைட' என்று கொம்புகள் முன்னே தாவி வரும். பார்வைக்கான வரிசையில் கோப்பு சேமிக்கப்பட்டிருப்பதே காரணம். வேர்டிலிருந்து பிரிண்ட் வழியே பிடிஎஃப் ஆக்காமல், 'சேவ் ஆஸ்' வழியே ஆக்குங்கள். அங்கே ஆப்ஷன்ஸில் 'டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்சஸிபிலிட்டி' என்பது தேர்வாகி இருக்க வேண்டும். அப்போதும் ஒட்டிப்பார்க்கும் சோதனையில் தோற்றால் கோப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். வேர்டு கோப்பையே இணையுங்கள், அல்லது செய்தியாகத் தட்டிவிடுங்கள்.

"வீடியோவில் பாட்டு மட்டும் கேட்கிறது"

பின்னணி இசையும் திரையில் ஓடும் வாசகமுமாகச் செய்த வீடியோ பார்வையற்றவருக்கு வெறும் பாட்டு. வாசகங்களைக் குரலில் படித்துப் பதிவுசெய்து, இசையின் ஒலியைப் பேச்சுக்குக் கீழே தெளிவாக இறக்குங்கள். நேர்காணலில் பேசுபவரின் பெயர் திரையில் மட்டும் வருகிறதா? தொகுப்பாளர் வாயால் ஒருமுறை சொல்லட்டும். செய்முறை வீடியோவில் "இதை இப்படி இங்கே வைத்து" என்று பேசினால் எவருக்கும் பயனில்லை. "சிவப்புக் கம்பியை இடது முனையில்" என்று பேசச் சொல்லுங்கள். படப்பிடிப்பின்போதே இதைச் சொல்லிவிட்டால் காட்சியைக் குரலில் விளக்கும் ஒலி விவரிப்பைத் தனியாகச் சேர்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

"சப்டைட்டில் இருக்கிறது, ஆனால் புரியவில்லை"

தமிழில் பேசிய வீடியோவுக்குச் சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் ஓடுகின்றன என்றால், வீடியோவின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் விவரப் பக்கத்தில் 'ஷோ மோர்' தட்டி, மொழியைத் தமிழ் ஆக்குங்கள். அப்லோட் டிஃபால்ட்ஸிலும் மாற்றிவிட்டால் அடுத்தடுத்த வீடியோக்களுக்குத் தொல்லை இல்லை. தானியங்கி வசனம் (சப்டைட்டில்) வந்தாலும் அதை வரைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், எண், "இல்லை" என்ற சொல் ஆகியவை தப்பினால் பொருளே தலைகீழாகும்.

உங்கள் சொந்த வசனக் கோப்பு, எஸ்ஆர்டி (.srt) வகையில், இப்படி இருக்கும்:

1
00:00:01,000 --> 00:00:04,200
வணக்கம். முகாமுக்கு வரும்போது
மூன்று ஆவணங்கள் தேவை.

2
00:00:04,400 --> 00:00:06,800
[கதவு தட்டும் ஓசை]

எண், நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரி விடுபட்டால் இரண்டு வசனம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எஸ்ஆர்டி கோப்பில் விநாடிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நடுவே காற்புள்ளி, இன்னொரு வகையான விடிடி (.vtt) கோப்பில் முற்றுப்புள்ளி. மாறிப்போனால் பல செயலிகள் கோப்பையே மறுத்துவிடும். ஏற்றியதும் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் கோப்பு தவறான குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. மூல வசனத்தை நோட்பேடில் ஒட்டி, 'சேவ் ஆஸ்' கொடுத்து, கீழே என்கோடிங்கில் யூடிஎஃப்-8 தேர்ந்து மறுபடி சேமியுங்கள். பழைய விண்டோஸில் தானாக ஆன்சி என்று இருக்கும், தமிழ் அதில் தங்காது. ஃபேஸ்புக் கோப்பை ஏற்க மறுத்தால் பெயரைப் பாருங்கள். பெயரின் இறுதியில் மொழிக்குறியும் நாட்டுக்குறியும் அடிக்கோட்டால் இணைந்து வரவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

ஒரு முறைக்கு இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கிலக் கணக்கு இங்கே உதவாது. ஒரு வசனம் ஒரு விநாடிக்குக் குறைவாக மின்னி மறையக்கூடாது. பெயரெச்சத்தையும் பெயரையும் இரண்டு வரியில் உடைக்காதீர்கள். யார் பேசுகிறார் என்று முகம் தெரியாதபோது பெயரைப் போடுங்கள். பொருளுள்ள ஓசைகளை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். ரீல்ஸில் வசனத்தைப் படத்தோடு பதித்தால் திரையின் கீழ்ப்பகுதியை விட்டுவிடுங்கள். கணக்குப் பெயரும் கேப்ஷனும் அங்கேதான் வந்து உட்காரும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் பெட்டி பற்றி ஒரு புகார் அடிக்கடி வரும்: "கை வெட்டுப்படுகிறது." இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை, இரு பக்கமும் முழங்கை விரியும் அளவுக்குச் சட்டகம் வேண்டும். முகபாவம் சைகையின் இலக்கணத்தில் சேர்த்தி, அதனால் முகத்தில் நிழல் விழக்கூடாது. சட்டை ஒரே நிறமாக, தோல் நிறத்திலிருந்து மாறுபட்டதாக இருக்கட்டும். சைகை மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று வசனத்தை விட்டுவிடாதீர்கள். முதுமையில் செவித்திறன் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் சைகை தெரியாது. இரண்டும் வெவ்வேறு மக்களுக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் ஒலி விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு, வசனம் ஆகியவற்றைத் தனித்தனியாகவே பேசுகிறது.

"எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை"

குறைபார்வை உள்ளவர்களும் வெயிலில் போன் பார்ப்பவர்களும் சொல்வது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்பது இணைய அணுகல் நெறி. இணையத்தில் இலவசக் கணிப்பான்கள் இருக்கின்றன. நம் சுவரொட்டி நிறங்களை அதில் இட்டால்: சிவப்பில் மஞ்சள் எழுத்து சுமார் 3.7, தலைப்புக்குத் தேறும், பொடி எழுத்துக்குத் தேறாது. சிவப்பில் வெள்ளை 4. நீலத்தில் சிவப்பு 2.1 தான். அடர்பச்சையில் சிவப்பு 1.3, இதைச் செய்யவே கூடாது, நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அங்கே எழுத்தே இருக்காது. மஞ்சளில் நீலம் 8, கறுப்பில் மஞ்சள் 19-க்கு மேல்.

புகைப்படத்தின் மேல் நேரடியாக எழுதினால் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். எழுத்தின் பின்னால் ஒரு கெட்டியான பட்டையை வையுங்கள். "சிவப்பில் உள்ள நாட்களில் விடுமுறை" என்று நிறத்தை மட்டும் நம்பாமல் பக்கத்தில் 'விடுமுறை' என்றே எழுதுங்கள்.

"பார்த்ததும் தலைசுற்றல்"

விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிட்டால் ஒளித்தூண்டல் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரின் சிவப்பு–நீல மின்னலால் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ரீல்ஸ் தானாக ஓடத் தொடங்கும் என்பதால் "எச்சரிக்கை" என்று முன்னால் எழுதினாலும் பயனில்லை. ஸ்ட்ரோப், கிளிட்ச் எஃபெக்டுகளை எடுத்துவிடுங்கள்.

"எல்லார் போனிலும் சரி, ஒருவர் போனில் மட்டும் மௌனம்"

மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் தமிழ் வரும் இடத்தில் மட்டும் திரைவாசிப்பான் பேசாமல் தாண்டுகிறது என்றால், அவர் போனில் தமிழ்க் குரல் இல்லை. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் தேடலில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடுங்கள். என்ஜின் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தட்டி, 'இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா'வில் தமிழை இறக்குங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று பிரித்துக் காட்டினால் இந்தியா போதும். ஐபோனில் ஆக்சஸிபிலிட்டி, வாய்ஸ்ஓவர், ஸ்பீச் என்று போய்த் தமிழைச் சேர்க்க வேண்டும். என்விடிஏவில் உடன்வரும் ஈஸ்பீக் ஒலிப்பானிலேயே தமிழ் இருக்கிறது. குரல் எந்திரத்தனமாக இருக்கும், பழகியவர்கள் அதையே மிக வேகமாக ஓட்டிக் கேட்பார்கள். இறக்கிய பிறகும் மௌனம் தொடர்ந்தால் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் உங்கள் பதிவில் மட்டும் மௌனம், மற்றவர்களின் தமிழ்ப் பதிவு கேட்கிறது என்றால், பதிவை மறுபடி ஒட்டிப்பார்க்கும் சோதனைக்குக் கொண்டுவாருங்கள்.